கப்பல் சீட்டில் ஒரு கிராமம்

பிஜியிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பூர்வீகம் தேடி வருபவருக்கு உள்ள பெரிய பிடி, ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் எமிகிரேஷன் பாஸ் நகல்தான். ஊர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்புகூட அதில் உண்டு. 1860-ல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்கான ஒப்பந்தக் கூலிப் பயணம் தொடங்கியது; பிஜிக்கு அது 1916 வரை நடந்தது. போனவர்களில் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். ஆள்பிடிக்கும் கங்காணி கூட்டிக்கொண்டு இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் வாரிசுகளுக்கு இந்தத் தாளும் கிடைப்பது அரிது. குலதெய்வத்தின் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். தாள் இருந்தாலும் தொல்லைதான். வந்தவாசியையே ‘வாண்டிவாஷ்’ ஆக்கிய குமாஸ்தாக்கள், பக்கத்துக் குக்கிராமத்தை என்ன பாடு படுத்தியிருப்பார்கள்! வந்தவாசி இருந்த அந்த வட ஆற்காடு ஜில்லாவும் இப்போது இல்லை. 1989-ல் பிரித்தபோது வந்தவாசி திருவண்ணாமலையோடு போய்விட்டது. விவரம் தெரியாதவர் பழைய ஜில்லாவின் தலைநகரான வேலூரில் போய் நிற்பார். பழைய ஆவணங்களில் உள்ள ஊர்ப்பெயர்களையும் இன்றைய வருவாய்க் கிராமங்களையும் நேருக்கு நேர் போட்டு, தாலுகாவாரியாக அரசு ஒரு பட்டியல் வெளியிடலாம். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு மாநாடு கூட்டிச் சால்வை போர்த்தும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஊர்க்கணக்கு தெரிந்த ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.