பனிமலைக்குப் போகும் நம் பிள்ளைகள்

பெங்களூரில் மார்ச் மாதம் பிறந்தால் இரண்டு காட்சிகள் தவறாது. ஒன்று, தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் குடங்கள். மற்றொன்று, மே மாத விடுமுறைக்கு இமயமலைப் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, அதைச் சாப்பாட்டு வேளையில் மெதுவாக வீட்டில் சொல்லும் பிள்ளைகள். நம் தலைமுறை பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த காலத்தில் விடுமுறை என்றால் சொந்த ஊருக்குப் போவதுதான். சேலம் வழியாகப் போகும் ரயிலில் ஓர் இடம் பிடிப்பதே நமக்கு மலையேற்றம். இன்று டேராடூனுக்கு விமானம், அங்கிருந்து ஜீப், பிறகு ஏழெட்டு நாள் நடை, நடுவில் ஒரு கணவாய் அல்லது பனி மூடிய முகடு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உத்தரகாசியில் இருபத்தெட்டு நாள் மலையேற்ற அடிப்படைப் பயிற்சி பெற்றவன் நான். அந்த மலைகளின் மேல் உள்ள ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் நம் வீடுகளில் இதுபற்றி நடக்கும் பேச்சு சரியான இடத்தைத் தொடுவதில்லை என்பது என் கருத்து.

தாய்மார்கள் 'போகாதே' என்கிறார்கள். தகப்பன்மார்கள் 'கம்பளிச் சட்டை வாங்கினாயா' என்கிறார்கள். பிள்ளைகள் 'கூட வழிகாட்டி வருகிறார்' என்கிறார்கள். பனியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

அதில் வியப்பும் இல்லை. நம் மொழியில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, ஊட்டியில் சனவரி மாதத்தில் தோட்டத்தை வெளுக்கச் செய்வதும் பனி, இமயத்தில் ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனிதான். கடலைப் பற்றி நமக்கு இப்படி ஒரே சொல் இல்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசை பிரித்துப் பெயர் வைத்த மக்கள் நாம். கரையில் நின்று அலையைப் பார்த்து 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்லும் பெரியவர் நாகப்பட்டினத்திலும் இருப்பார், இராமேசுவரத்திலும் இருப்பார். அவர் சொல்லுக்கு இளவட்டங்கள் கட்டுப்படுவார்கள். பனியைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்கு ஆள் இல்லை.

இது யாரோ வெளிநாட்டார் கவலை என்று நினைக்கவேண்டாம். 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில் 19,000 அடிக்கு மேல் இருந்த சோனம் காவல் நிலையத்தின் மீது பனி சரிந்தபோது புதையுண்ட பத்து வீரர்களும் மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள், மூவர் கர்நாடகத்தவர். ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று தில்லியில் உயிர்நீத்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, தார்வாட் மாவட்டத்துக்காரர். இந்த ஊரில் தமிழரும் கன்னடரும் எதற்கெல்லாமோ பிரிந்து நின்று பேசிக்கொண்டதுண்டு. அந்தப் பனிக்கடியில் அவர்கள் சேர்ந்தே கிடந்தார்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா டண்டா சிகரத்தின் அருகே நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் மேல்நிலை வகுப்புக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 29 பேர் திரும்பவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டிலும் மகாலுவிலும் ஏறி நாட்டின் பாராட்டைப் பெற்றிருந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். 2024 சூன் முதல் வாரத்தில் சகஸ்திர தால் ஏரிப் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற குழு பனிப்புயலில் அகப்பட்டு ஒன்பது பேரை இழந்ததும், உடல்கள் நம் விமான நிலையத்துக்கு வந்து இறங்கியதும் நமக்கு மறக்காது. அங்கே சரிந்தது பனி அல்ல. காற்றும் குளிரும்தான் கொன்றன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீரர்களுக்குப் பின்வாங்க உத்தரவு வேண்டும். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மாணாவில் பனிக்கடியில் அகப்பட்ட சாலைத் தொழிலாளர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அவர்களில் எட்டுப் பேர் மாண்டார்கள். விடுமுறைக்குப் போகும் நம் பிள்ளைகள் மட்டும்தான் 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லித் திரும்பக்கூடிய நிலையில் இருப்பவர்கள். அந்த வசதியை அவர்கள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இனி பனியைப் பற்றி. மலையில் பனி ஒரே நாளில் கொட்டுவதில்லை. குளிர்காலம் முழுதும் அடுக்கடுக்காக விழுகிறது. அடியில் ஓர் அடுக்கு சில சமயம் ஒட்டாத மணிகளாக, அஸ்கா சர்க்கரை போல ஆகிவிடும். அதன்மேல் காற்று அடித்து இறுக்கிய கெட்டிப் பலகை ஒன்று படிந்துவிட்டால், சர்க்கரை தூவிய தட்டைச் சாய்த்து அதில் பலகையை வைத்த கதைதான். ஒரு மனிதனின் எடை போதும், பலகை முழுதும் பிளந்து இறங்கிவிடும். பனிச்சரிவில் மாட்டும் மலையேறிகளில் மிகப் பெரும்பாலோரின் விஷயத்தில் சரிவைக் கிளப்பியது அவர்களோ அவர்கள் குழுவினரோதான். எங்கிருந்தோ வந்து விழுந்த விதியல்ல.

எவ்வளவு சாய்வு ஆபத்து? முப்பது பாகை முதல் நாற்பத்தைந்து பாகை வரை. அதைவிடச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். குறைந்தால் பொதுவாக நகராது. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறத்தாழ முப்பது பாகைதான். ஆகவே மாடிப்படி அளவு சாய்ந்த பனிச்சரிவு எதிரே வந்தால் அங்கே நின்று யோசிக்கவேண்டும். கைத்தொலைபேசியிலேயே சாய்வு அளக்கலாம். புகைப்படம் எடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். நாம் நிற்கும் இடம் சமமாக இருந்தாலும் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்றும் பார்க்கவேண்டும்.

ஏப்ரல், மே மாதப் பனிக்கு வேறு குணம். அது கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. இரவு வானம் தெளிந்திருந்தால் நிலத்தின் சூடு மேலே போய்விடும். மார்கழியில் மேகமில்லாத இரவில்தான் குளிர் அதிகம் என்பது நம் ஊர் விவசாயிக்குத் தெரிந்ததே. அப்படிப்பட்ட இரவில் பனி கல்லாக இறுகும். விடியலில் அதன்மேல் நடப்பது நல்லது, வழுக்குவதற்கு மட்டும் ஏற்பாடு வேண்டும். வெயில் ஏற ஏற மேல்தோல் இளகும். கிழக்குப் பார்த்த சரிவு முதலில், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. கால் முழங்கால் வரை புதைந்தாலோ, சரிவில் பனியுருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ கூட்டம் அங்கே இருக்கக்கூடாது. ஈரப்பனி சரிந்தால் சிமென்டுக் கலவைபோல் இறுகிவிடும். இதையெல்லாம்விட முக்கியமானது, இரவு மேகம் மூடியிருந்து பனி உறையவே இல்லையென்றால் விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டாலும் பயன் இல்லை. அன்று கூடாரத்தில் இருந்து தேநீர் குடிக்கவேண்டிய நாள்.

முகட்டின் மேல் நடப்பது பத்திரம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஓரளவு உண்மை, மேலேயிருந்து எதுவும் விழாது. ஆனால் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டுகிறது. அந்த மறுபக்கச் சரிவில்தான் சுமை அதிகம். முகட்டு விளிம்பிலோ, நம் பழைய வீடுகளின் தாழ்வாரம்போல், கீழே ஒன்றுமில்லாமல் பனி நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தரைபோலவே தெரியும். ஆசைக்கு ஒரு படம் எடுக்க அந்த விளிம்புக்குப் போனவர்கள் உண்டு. சாவனதுர்காவிலும் நந்தி மலையிலும் ஞாயிறுதோறும் ஏறிப் பழகுவது கால்களுக்கு நல்லது. கண்ணுக்கு அங்கே ஒரு பாடமும் கிடையாது.

'வழிகாட்டிக்குத் தெரியாதா' என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் பணம் கட்டிவந்த இருபது பேர் முகத்தைப் பார்த்து 'திரும்புவோம்' என்று சொல்ல அந்த மலைக்கிராமத்து இளைஞனுக்கு வாய் வருமா? சொன்னால் அடுத்த வாரம் அவனுக்கு வேலை இருக்குமா? அவன் சொல்வதற்கு நாம் இடம் கொடுக்கவேண்டும். என் மகளிடம் இதைப் பேசியபோது அவள் சொன்ன பதில் ஒரே வரி: "நீங்க சொல்றது சரிதாம்ப்பா, ஆனா திரும்பி வர்ற டிக்கெட் எடுத்தாச்சே."

நோய் அங்கேதான் இருக்கிறது. மே 18ஆம் தேதி கணவாயைக் கடக்கலாமா என்பதை மே 18ஆம் தேதிப் பனி தீர்மானிக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தில் கையெழுத்தான விடுமுறை விண்ணப்பம் தீர்மானித்துவிடுகிறது. அலுவலகம் ஒன்பது நாள் கொடுத்தால் பயணமும் ஒன்பது நாள். ஒருநாள்கூட மிச்சமில்லை. ஆகவே நான் தலையிடவேண்டிய இடம் என்று நினைப்பது மலையில் அல்ல, இங்கே, பணம் கட்டும் முன்னால். ஒன்பது நாள் விடுமுறை என்றால் ஏழு நாள் பாதையைத் தேர்ந்தெடுக்கட்டும். நடத்துபவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: கடந்த ஆண்டு எத்தனை முறை குழுவைத் திருப்பிக் கூட்டிவந்தீர்கள்? 'ஒருமுறைகூட இல்லை, எல்லோரும் உச்சிக்குப் போனார்கள்' என்று பெருமையாகப் பதில் வந்தால், அந்த இடத்தில் பணம் கட்டவேண்டாம். சண்டிகரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மாணா விபத்துக்கு முந்திய மாலையிலும் வெளியிட்டது. அதை யார் பார்ப்பார், யார் குழுவுக்குச் சொல்வார் என்றும் கேட்கட்டும். உலகில் வழங்கும் ஆபத்து அளவுகோலில் ஐந்து படிகள் உண்டு. ஆல்ப்ஸ் மலைகளில் அதிகம் பேரைப் பலிவாங்குவது ஐந்தாம் படியல்ல, நடுவிலுள்ள மூன்றாம் படி. ஐந்து என்றால் யாரும் வெளியே வருவதில்லை. மூன்று என்றால் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

செங்குத்துப் பனியைக் கடக்கும் பாதையானால் ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் காட்டும் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரைமணி தாண்டினால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஹெலிகாப்டர் வரும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது. பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் காப்பாற்றவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மலையிலிருந்து இறங்கி வந்து பிள்ளை தொலைபேசியில் கூப்பிடும்போது நம் முதல் கேள்வி 'உச்சி வரைக்கும் போனியா' என்பதாக இருக்கிறது. ஐந்நூறு அடி குறைவாகத் திரும்பிவந்தவன் குரல் அப்போது தாழ்ந்துபோகிறது. அடுத்த முறை அவன் திரும்பமாட்டான். 'ராத்திரி பனி உறைஞ்சுதா, எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே மாறும். தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தடை போட்ட வீட்டுப் பிள்ளைகள் 'ஹம்பிக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு மணாலிக்குப் போகிறார்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது சில நாள் எல்லோரும் பேசினோம். பிறகு விட்டுவிட்டோம். ஆகவே பேச்சோடு நிற்காமல் ஒரு வேண்டுகோள். வருகிற மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தில் ஒரு சிறிய அறை ஒதுக்கினால், பயணம் போகவிருக்கும் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் வைத்து வரைபடம், சாய்வு அளப்பது, தேடும் கருவியைப் பயன்படுத்துவது ஆகியவற்றை இரண்டு மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்க நான் தயார். பயிற்சி பெற்ற கன்னட நண்பர்கள் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. பெயர் கொடுக்க விரும்புவோர் முன்பணம் கட்டும் முன்பே கொடுக்கவும்.