பெரிய சக்கரமும் பழைய பிரேக்கும்



நமது கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப் என்றால் தோட்டத்து வண்டி என்றே பொருள். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டி அது. இன்று அதன் வழிவந்த பெரிய கார்கள் நம் வீட்டு வாசல்களிலும் நிற்கின்றன. நல்லதுதான். பெரிய குடும்பம், கரடுமுரடான பாதை, மூட்டை முடிச்சுகள் எல்லாவற்றுக்கும் ஏற்ற வண்டி. ஆனால் வாங்கிய சில மாதங்களிலேயே நம் பிள்ளைகள் அதனை டயர் கடைக்கு ஓட்டிச் சென்று, கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதனினும் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வண்டி உயர்ந்து நிற்கிறது. பார்ப்பவர் கண்ணும் உயர்கிறது. பிரேக்கைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

மதரஸாவில் பாடம் சொல்லும் மவ்லவிக்கு டயர் கடையில் என்ன வேலை என்று தாங்கள் நினைக்கலாம். என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவர், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டிக்கு இவ்வாறே செய்துவிட்டு, “மிதித்தால் முன்போல் நிற்கவில்லை, ஹஜ்ரத், சக்கரம் பெரிதானதற்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். கலைப் பட்டதாரியான எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்தும், பட்டறைக்காரர்களிடம் கேட்டும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கதவைக் கீல் அருகே கைவைத்து ஒருவர் அடைத்துப் பிடிக்கிறார். இன்னொருவர் அதன் மறு ஓரத்தைத் தள்ளுகிறார். கதவின் அகலம் கூடக்கூடப் பிடிப்பவருக்குத்தான் சிரமம். பிரேக் சக்கரத்தைப் பிடிப்பது அச்சுக்கு அருகில். சாலை தள்ளுவதோ டயரின் விளிம்பில். பொலிரோ வண்டியில் வரும் 215/75 ஆர்15 டயரின் குறுக்களவு சுமார் 70 செ.மீ. அதற்குப் பதிலாக 31 அங்குல டயரை மாட்டினால் அது சுமார் 79 செ.மீ. ஆகிறது. அதே அழுத்தத்தில் மிதித்தால், சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை நூற்றுக்குப் பதினொரு பங்கு குறைந்துவிடும். சக்கரத்தின் எடையும் கூடியிருக்கும். சுழலும் எடையை நிறுத்துவது, வண்டிக்குள் சும்மா கிடக்கும் எடையை நிறுத்துவதைவிடக் கடினம்.

வேகமானியின் கதை வேறு. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடுவதை அது அறியாது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி, இப்போது 60 என்று காட்டும்போது வண்டி 67 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஏழுதானே என்று எண்ணிவிடாதீர்கள். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவதால், பிரேக்கின் சுமை ஏறத்தாழக் கால் பங்கு கூடிவிடுகிறது.

தேனியிலிருந்து கம்பம் வரை சமவெளியில் ஓட்டுபவர், இந்தக் குறையைச் சற்று அழுத்தி மிதித்தே சமாளித்துவிடலாம். மலை இறக்கம் அப்படிப்பட்டதன்று. போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிக்கு வந்து சேரும் வண்டி, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள வண்டியானால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நிக்காஹ் விருந்துக்கு அடுப்பில் ஏற்றும் தேக்சாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு வெப்பத்தையும் எஞ்சினும் காற்றும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சக்கரம் பெரிதானால் அதே கியரில் எஞ்சினின் பிடி தளர்கிறது. அதன் பங்கும் பிரேக்கின் தலையில் விழுகிறது. சூடு மிஞ்சினால் பேடின் உரசும் தன்மை குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால், மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும்.

2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் உயிரிழந்தனர். அதற்குச் சக்கரமோ பிரேக்கோ காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த இறக்கத்தில் ஒரு நொடித் தடுமாற்றத்தின் விலை இன்னதென்று நாம் கண்டது அன்றுதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டிவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. சட்டமும் அதன் பக்கமே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையொட்டி, தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளரே அனுமதித்த டயர் அளவுகள் கையேட்டில் இருக்கும். பெரிதாக்கியே தீரவேண்டும் என்பவர் அந்த எல்லைக்குள் நின்றுகொள்ளட்டும்.

அதன் பிறகு பிரேக்கைக் கவனிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய டிஸ்க் தேடி அலைய வேண்டியதில்லை. முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 டிகிரியே அதன் கீழ் வரம்பு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். அடுத்து, வெப்பம் தாங்கும் தரமான பேடுகள்; பின் சக்கரத்தில் டிரம் இருந்தால் அதன் லைனிங், வெடித்த ரப்பர் குழாய்கள். புதிய பேடு போட்டதும் மலையேறிவிடாமல், சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் படியவிட வேண்டும்.

பெரிய டிஸ்க் அச்சிலிருந்து தள்ளிப் பிடிப்பதால் பிடி கூடும்; வெப்பத்தையும் அதிகம் தாங்கும். ஆனால் காலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் அதற்குப் பொருந்த வேண்டும். முன்பின் பிடியின் அளவு கெடக் கூடாது. பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பிவிடும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் இது இன்னும் நுட்பமான வேலை. ‘ஒரு மணி நேரத்தில் மாட்டித் தருகிறேன்’ என்பவரிடம் விட்டுவிடாதீர்கள்.

பின்சீட்டில் அமரும் நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. சக்கரத்துக்குச் செலவழித்த மகனிடம், “பிரேக்குக்கு என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். அத்தா கேட்டால் கோபம் வரும். அம்மா கேட்டால் பதில் வரும்.

இறங்கும்போது, ஏறிய கியரிலேயோ அதற்கும் கீழான கியரிலேயோ இறங்குவதே வழி. நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கருகிய நாற்றம் வந்தால், அகலமான இடத்தில் மலைப்பக்கம் ஒதுக்கி, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கவோ கோணவோ கூடும், தானே ஆறட்டும். அரை மணி நேரம் ஆகும். பிள்ளைகளைப் பள்ளத்துப் பக்கம் இறக்காதீர்கள்.