மறதி நோயை ஊருக்குச் சொல்லி வைங்க

"வெளிய தெரிஞ்சா அசிங்கமுங்க டாக்டர்." மறதி நோய் வந்த பெரியவங்க வீட்டுல நான் அடிக்கடி கேக்கறது இதுதான்.

அசிங்கம் இல்லைங்க, தெரியாம இருந்தாத்தான் ஆபத்து. கருமத்தம்பட்டியில வாசல் தாண்டி கொஞ்சம் நடந்தா அவினாசி ரோடு. லாரிக்காரருக்கு உங்க ஐயனுக்கு மறதின்னு தெரியுமா?

ஐயன் வழக்கமா டீ குடிக்கற கடை, ரேஷன் கடை, சோமனூர் பஸ் கண்டக்டர்னு எல்லார்கிட்டயும் போன் நம்பரைக் கொடுங்க. "தனியா வந்தா உக்கார வச்சு, கூப்பிடுங்க." அவ்வளவுதான். ஜப்பான்ல 2005-ல இருந்து கடைக்காரங்க, பேங்க்காரங்களுக்கு இதுக்குன்னே வகுப்பு எடுக்கறாங்க. நமக்கு ஒரு டீ நேரம் போதும்.

இந்த நோயை முழுசா குணப்படுத்தற மாத்திரை இன்னும் இல்லை. பாத்துக்கறது பெரும்பாலும் ஒரே ஒரு பொம்பளை, தறிச் சத்தத்துக்கு நடுவுல, ராத்தூக்கம் இல்லாம. வெளியூர் மகன்களே, பணம் அனுப்பறது சரி. மாசம் ரெண்டு நாள் வந்து நீங்க உக்காருங்க, அவங்க தூங்கட்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா சுகர் மாத்திரை கொடுக்க வரும்போது இதையும் சொல்லுங்க. முதியோர் உதவி எண் 14567, இலவசம்.