வாங்காதே என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்

ஏழாலையிலோ உரும்பிராயிலோ வெங்காயத் தாள் முறுகிச் சாயத் தொடங்கினால் கமக்காரர் என்ன செய்கிறார்? இரண்டு தாளைப் பிடுங்கிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு சந்தியிலுள்ள மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் தாளைப் பார்க்கிறார், தோட்டத்தைப் பார்ப்பதில்லை. பங்கசா, புழுவா, இறைப்புக் கூடிப்போனதா என்று ஆராய அங்கு நேரமில்லை. இரண்டு போத்தல்கள் கைமாறுகின்றன. காசை வெங்காயம் கிண்டிய பிறகு கொடுக்கலாம்.

கடைக்காரரைத் திட்டி ஆவதொன்றுமில்லை. போகும் நேரத்தில் கடை திறந்திருக்கிறது, கடனும் தருகிறது. ஆனால் கடையில் ஒருபோதும் கிடைக்காத ஆலோசனை ஒன்றுண்டு: "இதை வாங்காதே."

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இன்று அதிகம் தேவைப்படுவது அந்த ஆலோசனைதான். எங்களுக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மாரி மழையே கிணற்றில் ஊறுகிறது. தோட்டத்தில் அளவுமீறிப் போடும் யூரியா இறைத்த தண்ணீரோடு கீழிறங்கி அதே கிணற்றுக்கு நைத்திரேற்றாகத் திரும்புகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அந்தத் தண்ணீரை இறைக்கும்போது பாத்திக்குப் பசளையும் சேர்ந்தே பாய்கிறது. கிணற்று நீரைச் சோதித்து, அதிலுள்ள நைதரசனைக் கழித்து யூரியாவைக் குறைத்தால் கமக்காரருக்குக் காசு மிச்சம், கிணற்றுக்கும் நல்லது. இதைச் சொல்பவர் எவருக்கும் இலாபமில்லை. ஆகவேதான் அரச சம்பளம் பெறும் ஒருவர் வந்து சொல்லவேண்டியிருக்கிறது.

அப்படியொருவர் முன்பு இருந்தார். எண்பதுகளில் உலக வங்கி உதவியோடு நடந்த பயிற்சி–தரிசிப்பு முறையில், குறித்த நாளில் குறித்த தோட்டத்துக்குக் கிராம மட்ட அலுவலர் வரவேண்டும் என்பது விதி. பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களத்தில் எழுதியதை எல்லா ஊரிலும் ஒப்புவிக்கும் குறை அந்த முறைக்கு இருந்தது. ஆனாலும் ஆள் வந்தார். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு விவசாய விரிவாக்கப் பணி மாகாணத்துக்கு வந்தது. 1989இல் நாடெங்கும் 2,000க்கு மேற்பட்ட அந்த அலுவலர்களைக் கிராம அலுவலர்களாக்கிவிட்டது அரசு. ஆலோசனை சொன்னவர் வதிவிடச் சான்றிதழ் எழுதப் போனார். விட்டுப்போன இடம் இன்றுவரை சரியாக நிரம்பவில்லை.

இருப்பவர்களும் சிதறிக் கிடக்கிறார்கள். விவசாயப் போதனாசிரியர் மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆள். கமநல சேவை நிலையம் மத்திய அரசினுடையது. திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையமும் மத்தியினுடையதே. விவசாய பீடம் கிளிநொச்சியில். ஒரே வளவில் நிற்கும் தென்னைக்கு ஒரு சபை, பனைக்கு ஒரு சபை, இடையில் நிற்கும் கதலிக்கு மாகாணம்! வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் கேள்வி கேட்க மாகாண விவசாய அமைச்சரும் இல்லை.

போதாக்குறைக்கு, 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை மீளப்பெறப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில், கூட்டெரு செய்யுங்கள் என்று கமக்காரரிடம் சொல்லும் வேலை போதனாசிரியர் தலையில் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சொல்லியிருக்கவேண்டிய நல்ல விடயம், ஒரே இரவில் கட்டளையாக வந்ததால் சொன்னவரின் வாய்க்கும் மதிப்புக் குறைந்தது.

தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கம் பயனுள்ளதுதான். ஆனால் தொலைபேசியால் மண்ணைத் தொட்டுப் பார்க்க முடியாது.

வட மாகாண விவசாயத் திணைக்களத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. போதனாசிரியரின் வாரத்தில் மூன்று நாளைப் படிவங்களிலிருந்தும் கூட்டங்களிலிருந்தும் விடுவித்து, முழுமையாகத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். எந்த நாள் எந்த ஊர் என்பதைக் கமநல சேவை நிலையப் பலகையிலும் சனசமூக நிலையத்திலும் எழுதிப்போடுங்கள். ஒவ்வொரு போதனாசிரியர் பிரிவுக்கும் கிணற்று நீரையும் மண்ணையும் சோதிக்கும் கருவியொன்றைக் கொடுங்கள். வெற்றிடங்களை நிரப்பக் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டி வரலாம். போதனாசிரியரைத் தோட்டத்துக்கு அனுப்பவும் பலகையில் நாள் எழுதவும் எவரின் அனுமதியும் தேவையில்லை.