நாய்க்குச் சீப்பு எதற்கு?

நாய்க்குச் சீப்பா என்று எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். நான் படித்த பிரெஞ்சில் இதற்குத் 'துவாலெத்தாஜ்' என்று பெயர். ஏதோ அலங்காரம் போலத் தொனிக்கும். உண்மையில் இது ஒரு பரிசோதனை. சீப்பும் விரலும் உடம்பெல்லாம் போகும்போதுதான் காதுமடலிலும் கால்விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் உண்ணி தட்டுப்படும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து நாயின் உயிரையே வாங்கிவிடலாம். புண், கட்டி, வளைந்த நகம் எல்லாமே அப்போது கண்ணில் படும்.

பொங்கலுக்கு மட்டும் மாட்டைக் குளிப்பாட்டும் உழவர் உண்டா? நாய்க்கும் அதே நியாயம்தான். இங்கே ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும் நாய் ஜாக்கிக்கும் சமாதி இருக்கிறது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வாரம் இருமுறை, பத்து நிமிடம் சீவிவிட்டால் போதும்.