கை தட்டாதீங்க

ஜூலையில் ஊருக்குப் போகும் நம்மில் பலருக்கும் இந்தக் கேள்வி வரும்: "மழைக்காலத்துல கேரளாவுக்குப் போய் என்னத்தைப் பார்க்கறது?" எனக்கும் வந்தது. பறவை பார்க்கணும்னா டிசம்பர், ஜனவரிதான் என்பார்கள். வேம்பநாட்டு ஏரிக்கு வலசைப் பறவைகள் வருவது அப்போதுதான். ஆனால் நம்ம பிள்ளைகளின் ஸ்கூல் லீவு பறவைகளைக் கேட்டா வருது?

போன பிறகுதான் தெரிந்தது, மழைக்காலத்துக்கென்றே குமரகத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அங்கேயே வாழும் கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். சரணாலயம் ஒன்றும் பெரிசில்லை, மொத்தமே 14 ஏக்கர்தான். கோட்டயத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்.

முதல் நாள் ஹவுஸ்போட் எடுத்தோம். ஏசி ரூம், பொரித்த கரிமீன் எல்லாம் பிரமாதம். பறவைகள்தான் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. மோட்டார் சத்தத்துக்கு எது பக்கத்தில் வரும்?

மறுநாள் விடிகாலையில் துடுப்பு போடும் சின்ன வள்ளத்தில் கவணாற்றில் போனோம். துடுப்பு போட்ட சேட்டாவுக்கு அறுபது வயசு இருக்கும். தண்ணீருக்கு மேலே பாம்பு மாதிரி ஒரு கழுத்து மட்டும் நீந்திப் போனது. "சேரக்கோழி" என்றார். என் எட்டு வயது மகள் ஆப்பைப் பார்த்து "டார்ட்டர்" என்றாள். தமிழில் பாம்புத்தாரா. அவர்களுடைய சேர நம்ம சாரைப்பாம்பு. ரெண்டு மொழிக்காரர்களுக்கும் அதே பாம்புதான் ஞாபகம் வந்திருக்கிறது! அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும். அதனால்தான் சுலபமாக முங்க முடிகிறது. அதனாலேயேதான் கரையேறியதும் சிறகை விரித்துக் காயப்போட்டு உட்கார வேண்டியிருக்கிறது.

அடுத்து ஒரு மரம் நிறைய இராக்கொக்குகள். மலையாளத்தில் பாதிராக்கொக்கு. கிளைக்குக் கிளை கூடு. எல்லாம் அசையாமல் இருந்தன. கேமராவை ரெடியாக வைத்துக்கொண்டு, ஒண்ணாவது பறக்காதா என்று பலமாகக் கை தட்டிவிட்டேன்.

"கொட்டல்லே சாரே!" என்று சேட்டா கத்துவதற்குள் ஏழெட்டு கொக்குகள் எழும்பிவிட்டன. படம் கிடைத்தது. அடுத்த நொடி ஒரு காகம் காலியான கூட்டில் இறங்கி, எதையோ கவ்விக்கொண்டு போனது.

"அப்பா, அது முட்டையா, குஞ்சா?"

எனக்குத் தெரியவில்லை. சேட்டாவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிதானமாக விளக்கினார்: தாய் எழுந்து போனால் காகத்துக்கும் பருந்துக்கும் அந்த ஒரு நிமிஷம் போதும். மழை பிடித்துக்கொண்டால், மூட ஆளில்லாத குஞ்சு குளிரிலேயே செத்துப்போகும். அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த கூட்டு மரம் வந்தபோது மகள் என் ரெண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கரை சேரும் வரை விடவில்லை.

நீங்களும் குடும்பத்தோடு போங்க. மழைக்காலம் என்று தள்ளிப்போட வேண்டாம். மோட்டார் இல்லாத வள்ளமாகக் கேளுங்க. காலையில் சீக்கிரம் கிளம்புங்க. குடையோடு ஒரு பைனாகுலரும் இருக்கட்டும். கூடு இருக்கும் மரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போகச் சொல்லி வற்புறுத்தாதீங்க. பறக்கிற படம்தான் வேணும் என்றால் கொஞ்சம் காத்திருங்க. குஞ்சுக்கு இரை கொண்டுவர அவை போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். நாம கை தட்டணும்னு அவசியமே இல்லை.