மக்கள்தொகை அன்றைக்குத் தெரியாதா?

கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்டங்களை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது அநீதி. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், இந்த நகரங்களில் அது இல்லை என்பதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்கு ஆதாரம் 2011 கணக்கெடுப்பு. அப்படியானால், திட்ட அறிக்கைகள் 2024-இல் தில்லிக்குப் போன அன்றே அந்த எண் அமைச்சகத்தின் கையில் இருந்ததே! அன்றே மறுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, கூடுதல் ஆவணங்களைக் கேட்டு வாங்கி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் காக்க வைத்துக் கைவிரித்ததை எந்த விதியைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

அந்த விதியாவது எல்லோருக்கும் ஒன்றா? அதே கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை 15.84 லட்சம், ஆக்ரா மாநகராட்சியில் 15.85 லட்சம். ஆக்ரா மெட்ரோவுக்கு 2019-இல் ஒப்புதல் கிடைத்தது, 2017 கொள்கை வந்த பிறகுதான். மாநகராட்சி எல்லையைத் தாண்டிய நகரத் தொகுப்பாகப் பார்த்தால் கோவை அப்போதே 21 லட்சத்தைக் கடந்துவிட்டது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்காமல் தள்ளிப்போட்டதும் ஒன்றிய அரசுதான். பயண தூரம், சாலை அகலம் என்று வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. அவை பேசித் தீர்த்திருக்கக்கூடியவை, பேசியிருந்தால்.

மறுத்தவர்கள் காலை எட்டரை மணிக்கு மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் நின்று பார்க்கட்டும். அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகும் 108 வண்டி சைரன் அலற நிற்கும். முன்னால் ஷேர் ஆட்டோ, அதற்கு முன்னால் டவுன் பஸ், ஒதுங்க யாருக்கும் இடமிருக்காது. பஸ்ஸின் படியில் தொங்கும் கல்லூரிப் பையன்களுக்கும், உள்ளே நெரிபடும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கும் எந்தக் கட்சி எந்தக் கட்சிக்குக் கடிதம் எழுதியது என்பதா கவலை?

சென்னை மெட்ரோவின் அனுபவமும் இதுதான். 118.9 கிலோமீட்டர் நீள இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். அடுத்த பட்ஜெட்டில் 63,246 கோடி ரூபாய்த் திட்டமாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். 2021 ஆகஸ்டில் பொது முதலீட்டு வாரியம் பரிந்துரைத்தது. அமைச்சரவை ஒப்புதல் வந்ததோ 2024 அக்டோபரில்! மூன்று ஆண்டுக்கு மேல் பெருஞ்சுமையை மாநிலம் ஒண்டியாகச் சுமந்தது. தூண்கள் எழுந்தன, சாலைகள் தோண்டிக் கிடந்தன, கடன் ஏறியது. சுமார் 65 விழுக்காடு நிதிக்கு ஒன்றிய அரசு பின்னர் பொறுப்பேற்றதை வரவேற்கிறோம். ஆனால், கொடுக்கப் போகும் பணத்தை மூன்று ஆண்டு பிடித்து வைத்ததற்கு இன்றுவரை தக்க விளக்கம் இல்லை. அது யார் வீட்டுப் பணமும் அல்ல, வரி கட்டியவனின் பணம்.

தமிழக அரசியல்வாதிகளுக்கும் தாமதத்தில் பங்கு உண்டு. வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு வெறும் 5 கிலோமீட்டர். 2008-இல் வேலை தொடங்கியது. கடைசி அரை கிலோமீட்டருக்கான நிலம் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் கிடந்தது. நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநில அரசு. மாறி மாறி ஆண்ட இரு கழகங்களும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தில்லி மறுத்தால் உடனே ஆர்ப்பாட்டம் நடத்துகிறவர்கள், தங்கள் கையில் இருக்கும் வேலையில் இந்த வேகத்தைக் காட்டவில்லை. இங்குள்ள பா.ஜ.க.வினரும் தில்லியின் கடிதத்துக்குப் பொழிப்புரை எழுதுவதை நிறுத்திவிட்டு, கோவைக்காக அங்கே போய் வாதாடட்டும். ஓட்டுக் கேட்டது இந்த ஊரில்தானே!

நகரத் தொகுப்புக் கணக்கோடும் சாலை அகலம் குறித்த பதில்களோடும் மாநில அரசு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இரு தரப்புக் கடிதங்களும் ஆய்வு அறிக்கைகளும் முழுமையாகப் பொதுவெளிக்கு வரட்டும். ஆறு மாதத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்ல ஒன்றிய அமைச்சகம் கடமைப்பட்டிருக்கிறது. அதுவரை இரு நகரங்களுக்கும் கூடுதல் பேருந்துகளை விட யாருடைய ஒப்புதலுக்கும் மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை.